படுக்கைப் புண் வழக்கு: வார்டின் குற்றமா, வழியில் வந்ததா?

கீழக்கரை வாசகர்:
விஷயம் இதுதான். ராமேஸ்வரத்துப் பெரியவர், 78 வயது, சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்து மதுரைத் தனியார் மருத்துவமனையில் 12 நாள் இருந்தார். வீடு திரும்பும்போது இடுப்புக்குக் கீழே எலும்பு தெரியும் புண். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறார். போகத்தான் வேண்டும். இப்படி எலும்பு வரை போன நாலாம் நிலைப் புண் கண்மறைவில் வளர்வதில்லை. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, தோல் உரிதல், குழி என்று படிப்படியாக வரும். முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாம்பன் நர்ஸ்:
அவசரப்படாதீங்க அண்ணே. உள்ளே தசை நசுங்கினால் மேல்தோலில் ஊதாவாகத் தெரியவே 48 முதல் 72 மணி நேரம் ஆகலாம். அதற்குப் பிறகு வேகமாகக் குழி விழும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கெட்டி ஸ்ட்ரெச்சரில், நனைந்த துணியோடு, மல்லாந்தே போயிருப்பார். அதற்கு முன் வீட்டில் எத்தனை நேரம் அசையாமல் கிடந்தார்?

இன்னொன்று. மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைமாட்டை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தணும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். உயர்த்தினால் உடம்பு வழுக்கி அதே இடத்துச் சதை இழுபடும். உயிரா தோலா என்று பார்த்தால் உயிர்தான் முதலில்.

ராமநாதபுரம் வக்கீல்:
சிஸ்டர், முதலில் முழங்காலை மடக்கித் தலையணை கொடுத்துவிட்டுத் தலைமாட்டை உயர்த்தினால் வழுக்கல் குறையும் என்று உங்களுக்கே தெரியும். வழியில் வந்ததா என்பதற்கு அட்மிஷன் அன்றைய குறிப்புதான் பதில். தலை முதல் கால் வரை தோலைப் பார்த்து எழுதி, படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் மதிப்பெண் போட்டிருக்கணும். 23க்கு 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து. 'தோல் நன்று' என்று எழுதியிருந்தால் ஸ்ட்ரெச்சர் வாதம் பலவீனமாகிவிடும். எதுவுமே எழுதாவிட்டால் அதுவே குறைபாடு. அழுத்தம் குறைக்கும் ஏர் பெட்டுக்கு பில் போட்டிருக்கிறார்களா பாருங்கள். போட்டிருந்தால் ஆபத்து தெரிந்தே இருந்தார்கள்.

பாம்பன் நர்ஸ்:
புண் வராமல் இருக்க நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்த நேரம் சார்ட்டில் இல்லையென்றால் திருப்பவே இல்லை என்று அர்த்தமா? ராத்திரி ஷிஃப்டில் திருப்பவே ஆள் போதாது. எழுத எங்கே நேரம்?

ராமநாதபுரம் வக்கீல்:
ஆள் போதாதது நிர்வாகத்தின் குறை, உங்கள் குறை இல்லை. பொறுப்பு அவர்களுக்குத்தான். இன்னும் மோசம், இரண்டு மணிக்கொரு முறை ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரம்பிய சார்ட். ஸ்கேனுக்குக் கீழே போயிருந்த நேரத்தில் வார்டில் 'இடப்பக்கம் திருப்பியது' என்று இருக்கிறதா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

மகன் இன்றே கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) முழுவதையும் எழுத்தில் கேட்கட்டும். மருத்துவர்களுக்கான 2002 நடத்தை ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். வழக்குக்கு 2 வருடம் கெடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

பாம்பன் நர்ஸ்:
கூட இருந்தவர்கள் சிவந்த இடத்தைத் தேய்த்தார்களா, நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வைத்தார்களா என்றும் கேட்கணும். இரண்டுமே கெடுதல். புண்ணின் படம் எப்போது எடுத்தது? வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து என்றால் ஆஸ்பத்திரி பக்கம் நின்றுதான் பேசுவேன்.

கீழக்கரை வாசகர்:
டிஸ்சார்ஜ் அன்று மாலையே எடுத்தது. பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறார்கள்.