புதுப்பிப்பு: களஞ்சிய வாசலுக்குச் சீலா, ஷெல்டரா?

கோண்டாவில் களஞ்சியத்தில் லொறி ஏற்றி இறக்கும் வாசலுக்கு டொக் சீல் நல்லதா, ஷெல்டர் நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுமே பின்னால் வந்து நிற்கும் லொறிக்கும் வாசல் சுவருக்கும் இடையிலான இடைவெளியை மூடுபவை. ஷெல்டர்தான், முடிவாகிவிட்டது; வாசலைச் சுற்றிய சட்டத்தில் தொங்கும் அதன் திரைகள் பல அளவு வண்டிகளுக்கும் ஒத்துவரும். சீலின் மெத்தை லொறியை இறுக்கமாக அணைக்கும், சரி. ஆனால் வருகிற வண்டிகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். எங்களுக்குக் கொழும்புக் கொள்கலனும் வரும், சந்தைக்கு ஓடும் சின்ன லொறியும் வரும்.

வாசலின் அகலம், உயரம் எடுப்பது பெரிய வேலையில்லை. சரிவுதான் விஷயம். எங்கள் முற்றம் வாசலை நோக்கி இறங்குவதால், பின்னால் வரும் லொறி சாய்ந்து, அதன் மேல்விளிம்பு சுவரை முதலில் நெருங்குகிறது. அதனால் லொறி வந்து முட்டி நிற்கும் ரப்பர் பம்பர்களுக்குப் பின்னால் கட்டை கொடுத்து முன்னுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறேன். லொறிக் கூரையின் உயரத்தை வெறுமையாகவும் பாரத்தோடும் அளந்தோம். ஐப்பசி மழைக்கு முன் ஷெல்டரைப் பொருத்த வேண்டும்.