மாமாங்கத் தேருக்கும் தீர்த்தத்துக்கும் விழிப்புலனற்றவர்களைக் கூட்டிப்போக, தொண்டர்களுக்கு என்ன பழக்க வேணும்?

அமிர்தகழியான்:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில ஆடி அமாவாசைக்கு முதல்நாள் தேருக்கும் அமாவாசையண்டு தீர்த்தத்துக்கும் வர விழிப்புலனற்ற 12 பேர் கேட்டிருக்காங்க. 7 பேருக்கு முழுக்கப் பார்வை இல்லை, மற்றவங்களுக்குக் கொஞ்சம் தெரியும். வழிகாட்ட ஊர்ப் பொடியன்மாரும் பொம்பிளைப் பிள்ளைகளுமா 15 பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் பழக்கமில்லை. இரண்டு பேர் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யணும், ஒருவர் வடம் பிடிக்கணும். அந்தச் சனத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல எப்படிச் சமாளிக்கிறது?

வாவிக்கரை:
முதல்ல பிடி. தொண்டர் அவரைப் பிடிக்கிறதில்லை, அவர்தான் தொண்டரைப் பிடிக்கணும்: முழங்கைக்குச் சற்று மேல, அரை எட்டுப் பின்னால நின்று. அப்பதான் தொண்டர் திரும்புறதும் நிற்கிறதும் படி இறங்குறதும் கைவழியா அவருக்கு முன்கூட்டியே தெரியும். பின்னால நின்று தோளைத் தள்ளிக்கொண்டு போனா, கல்லில முதல்ல இடிபடுறது அவர் கால்தான்.

கோயிலுக்குள்ள ஆம்பிளைகள் சட்டை போடுறதில்லை. வேர்வையும் திருநீறும் சேர்ந்தா முழங்கை மீன் மாதிரி வழுக்கும். மேல்கையில ஒரு லேஞ்சியை இறுக்காம முடிஞ்சு விடுங்க, முடிச்சைப் பிடிச்சா நழுவாது. ஒடுக்கமான இடம் வந்தா தொண்டர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால மடக்கணும். ஒருத்தர் பின் ஒருத்தரா வரணும் என்பதுக்கு அதுதான் அடையாளம்.

தவிலும் ஒலிபெருக்கியும் தொடங்கினா வாயால சொல்றது எடுபடாது. கையடையாளத்தை முதலே பேசி வையுங்க: புறங்கையில ஒருதரம் அழுத்தினா நில்லுங்க, இரண்டுதரம் என்றா படி ஏறுது, மூன்றுதரம் என்றா இறங்குது. அவசரம் என்றா முதுகில விரலால பெரிய பெருக்கல் அடையாளம். பார்வையும் செவிப்புலனும் இல்லாதவங்களுக்காகப் பல நாடுகளில இருக்கிற முறை அது. கேள்வி கேட்காம உடனே கூட வரணும் என்று அர்த்தம்.

12 பேருக்கு 12 தொண்டர், ஆளுக்கொருவர். மிச்ச மூன்று பேரில ஒருத்தர் முன்னுக்கு வழி எடுக்கட்டும், ஒருத்தர் கடைசியில வரட்டும், மூன்றாமவர் தண்ணீர்ப்பந்தலை விட்டு அசையக் கூடாது. சனம் கூடினா போன் எடுபடாது, தவறினவரைத் தேட அசையாத ஒரு இடம் வேணும். தவறினவர் நடக்கவும் கூடாது. நின்ற இடத்திலயே வெள்ளைப்பிரம்பை நேரா உயர்த்திப் பிடிக்கட்டும். தொண்டர்களுக்கு கண்ணைக் கட்டி சந்தைக்குள்ள ஒரு மணித்தியாலம் நடக்க விட்டா மற்றது தானா வரும்.

வெள்ளைப்பிரம்பு:
வாவிக்கரை அண்ணா சொன்ன பிடி சரி, கண்ணைக் கட்டுறதில எனக்கு உடன்பாடில்லை. புதுசாக் கண்ணைக் கட்டினவனுக்குப் பயம் மட்டும்தான் பிடிபடும். மறுகா எங்களையும் பயந்தவங்களா நினைச்சு இறுக்கிப் பிடிப்பான். வரப்போற 12 பேரில இரண்டு பேரையே பழக்கக் கூப்பிடுங்க.

பார்வையில்லாதவளா இன்னும் கொஞ்சம் சொல்றேன். பிரம்பைப் பிடிச்சு இழுக்காதீங்க. "அக்காவுக்குத் தண்ணி வேணுமா?" என்று பக்கத்தில நிற்கிறவரைக் கேட்காம என்னையே கேளுங்க. பொம்பிளைகளுக்குப் பொம்பிளைத் தொண்டர்தான் வேணும், அதில பேச்சில்லை. "அங்க பாருங்க, எவ்வளவு வடிவு" என்றா எனக்கு ஒன்றும் கிடைக்காது. சாமி எந்த வாகனத்தில வருது, பட்டு என்ன நிறம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, எங்களுக்கு எத்தனை முழம் தூரம், அதைச் சொல்லுங்க. தீபத்தட்டு வந்தா கையைப் பிடிச்சு நெருப்பில வைக்காம, எவ்வளவு கிட்ட இருக்கு என்று சொன்னாப் போதும், நானே ஒத்திக்கொள்ளுவேன்.

கொஞ்சம் தெரியுறவங்களை மறக்காதீங்க. சிலருக்குப் பகலில தெரியும், இருட்டினா ஒன்றும் தெரியாது. சிலருக்கு வெளிச்சம்தான் எதிரி, அலங்கார லைற் முகத்தில அடிச்சா படியே மறைஞ்சிடும். முன்னுக்கு விளிம்புள்ள தொப்பி உதவும்.

கோயிலுக்கு வெளியில போட, தொண்டர் எல்லாருக்கும் கடும்நீலச் சட்டை குடுங்க. திருவிழாவில மஞ்சளும் சிவப்பும் கண்ட இடமெல்லாம் நிற்கும்.

திருக்கோவிலான்:
வடம் பிடிக்கிறவரைத் தேருக்குக் கிட்ட விடாதீங்க, வடத்தின்ட முன்பாதியில நிற்கட்டும். தேர் இறுகி நின்று திடீரெனக் கிளம்பும்போது வடம் உதறும், அப்ப மணிக்கட்டில சுற்றியிருந்தா கையே போயிடும். ஒரு கை வடத்தில, மற்றக் கை வெளிப்பக்கம் நிற்கிற தொண்டரில. அப்பதான் உடனே வெளியில எடுக்கலாம். சில்லுக்குக் கட்டை போடுறவங்க நிற்கிற பக்கம் போகவே கூடாது.

குளத்தில சாமி தீர்த்தமாடுற நேரம் இறக்காதீங்க. விடியவே பிதிர்க்கடனை முடிச்சிட்டா நல்லது. பாசி பிடிச்ச படியில ஒரு தொண்டர் முதல்ல இறங்கி அவரைப் பார்த்து நிற்கணும், மற்றவர் பக்கத்தில. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாலும் வெட்கமில்லை. இறங்கவே ஏலாதவருக்குக் கரையில வைச்சு வாளியில அள்ளி ஊற்றினாலும் அது தீர்த்தம்தான்.

ஐயரோட முதல்நாளே கதைச்சு வையுங்க. கையால காட்டி "இப்படி" என்றா அவருக்கு விளங்காது. பவித்திரம் (தர்ப்பை மோதிரம்) வலது மோதிர விரலில, எள்ளும் தண்ணீரும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால விழணும் என்று வாயால சொல்லணும். தட்டை மணிக்கூடு மாதிரிச் சொல்லிக் குடுங்க: 12இல பிண்டம், 3இல எள், 6இல செம்பு. கடனை அவர்தான் செய்யணும், தொண்டர் கை வைக்கக் கூடாது.

இங்க எங்கட திருக்கோவில் ஊர் மாதிரிக் கடலில தீர்த்தம் என்றா கணக்கு வேற: ஆளுக்கு இரண்டு தொண்டர், ஒருத்தர் கடல் பக்கம், முழங்காலுக்கு மேல தண்ணி வேண்டாம். அலை திரும்பும்போது காலுக்குக் கீழ மண் அரிச்சுப் போகும். முதலே சொல்லாட்டி ஆள் தடுமாறும். பகல் 11 மணிக்குப் பிறகு வெறுங்காலுக்கு மணல் பொசுக்கும், நனைச்ச சாக்கு விரியுங்க.

கல்லடிப்பாலம்:
மேல உள்ளதெல்லாம் சரி, பிசகுறது வீட்டுக்குப் போற நேரம். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் பொடியன்மார் கச்சான் கடைப் பக்கம் கலைஞ்சிடுவாங்க. வீட்டில விடுற வரைக்கும் அதே தொண்டர்தான் பொறுப்பு என்று பெயர் எழுதி வையுங்க. றோட்டை மறிச்சா ஓட்டோ கிட்ட வராது. கொடியேற்றத்துக்கு முதலே வண்ணக்கர்மாரோட (கோயில் நிருவாகத்தார்) பொலிஸுக்குப் போய், 12 பேருக்கு எத்தனை ஓட்டோ உள்ள வரணும், எந்த ஒழுங்கையால வரணும் என்று எழுதிக் குடுத்திடுங்க. கழிப்பறை எங்கே என்று எல்லாத் தொண்டரையும் முதல்நாளே நடத்திக் காட்டுங்க.