பதில்: பதில்: கார்செட்டுக்குக் கச்சு போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும், கார்செட் என்ற இந்த ஒரு சொல்லில் நிற்கிறேன்; இடுப்பு ஒடுங்கித் தெரிய ஐரோப்பியப் பெண்கள் உடலைச் சுற்றி இறுக்கிக் கட்டிய விறைப்பான உள்ளாடை அது. "கச்சு இருக்கப் புதுச்சொல் எதற்கு" என்று ஐயா கேட்டிருந்தீர்கள். கச்சு என்றதும் நம் வாசகருக்கு மார்பில் கட்டும் துணிதான் தோன்றும். நான் மொழிபெயர்ப்பதோ எலும்பைப் பற்றி. லண்டன் செயின்ட் பிரைட் தேவாலயத்தில் கிடைத்த பெண்களின் எலும்புக்கூடுகளில், அகன்ற நீள்வட்டமாக இருக்க வேண்டிய விலாக்கூடு உருண்டு ஒடுங்கியிருக்கிறது, முதுகெலும்பின் முள்நீட்சிகள் (பின்பக்கம் முள்போல் நீண்டிருப்பவை) கீழ்நோக்கி அழுந்திச் சாய்ந்திருக்கின்றன. எலும்பு வளரும் வயதிலேயே கட்டத் தொடங்கியதன் விளைவு அது. வெறும் துணி இதைச் செய்யாதே. இறுக்குகச்சு என்று போடலாமா?

---

இறுக்கு வேண்டாம் அம்மா, பழைய சொல்லே இருக்கிறது. முழவின் வாரை இழுத்துக் கட்டுவதைச் சங்கப் பாட்டில் விசி என்பார்கள். கார்செட்டிலும் முதுகுப்பக்கக் கண்களில் கயிற்றைக் கோத்து, இழுத்து இழுத்துத்தானே முடிகிறார்கள்? செயல் ஒன்றே. ஆகவே விசிகச்சு. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. கச்சுக்கே வம்பு என்றொரு பெயர் உண்டு, அதை இன்று எழுதினால் சண்டை என்று படிப்பார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

---

ஐயா, வம்பை விட்ட அதே காரணத்துக்காக விசியையும் விடுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உடற்கூற்றியல் எடுக்கிறேன், விசி என்றால் ஒருவருக்கும் தெரியாது, விசிறியா என்பார்கள். முதல் முறை வரும் இடத்தில் கார்செட் என்றே எழுதி ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். அப்புறம் ஒன்று: வரைவில் "திமிங்கில எலும்பு வைத்துத் தைத்தது" என்றிருக்கிறது. அது எலும்பே இல்லை. திமிங்கிலத்தின் மேல்தாடையில் சல்லடை மாதிரி தொங்கும் தகடு, நம் நகத்தில் உள்ள அதே பொருள். எலும்பைப் பற்றிய அத்தியாயத்தில் இந்தப் பிழை இருக்கவே கூடாது.

---

நன்றி அம்மா, திமிங்கிலத் தகடு என்று திருத்திவிட்டேன். நேற்றுவரை பதில் எழுதியவர்களில் நான்கு பேர் இறுக்குகச்சு, இரண்டு பேர் கார்செட், ஐயா மட்டும் விசிகச்சு. இறுக்குகச்சு என்றே அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் நடுவில் ஒரு க் சேர்த்து இறுக்குக்கச்சு ஆக்கியிருக்கிறார். இதுவும் வினைத்தொகைதானே?

---

வினைத்தொகைதான், க் வராது, எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆனாலும் விசிகச்சுதான் சரி.