மறுமொழி: யோடா கண்டிஷனுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

நிரல் எழுதுவதில் யோடா கண்டிஷன் என்று ஒரு பழக்கம் உண்டு, அதற்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். முதலில், அதற்கு நான் முன்வைத்த ‘தலைகீழ் நிபந்தனை’யை நானே திரும்பப் பெறுகிறேன். நேற்று மாலை திருநகரில் நான் எடுக்கும் சி மொழி வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லி, (வகை == 1) என்பதை அப்படி மாற்றி எழுதச் சொன்னேன். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் (வகை != 1), அதாவது ‘வகை 1 இல்லையா’ என்று எழுதினார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. தலைகீழ் என்றால் நம் காதில் ‘நேர் எதிர்’ என்றுதான் விழுகிறது. ஒரு சொல் இவ்வளவு எளிதாகத் தப்பான பக்கம் கொண்டுபோகிறது என்றால் அது கலைச்சொல் ஆகாது.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சி, பிஎச்பி போன்ற மொழிகளில் ஒற்றைச் சமக்குறி மதிப்பிருத்தல், அதாவது ஒரு மாறிக்குள் மதிப்பை வைப்பது. இரட்டைச் சமக்குறி ஒப்பீடு. (வகை == 1) என்று எழுதப் போய் ஒரு குறி விட்டுப்போனால் (வகை = 1) ஆகிவிடும். அது கேள்வி கேட்காது. வகையில் 1-ஐ வைத்துவிட்டு, அந்த 1-ஐயே ‘உண்மை’ என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். இதைத் தடுக்கத்தான் சிலர் 1 போன்ற மாறாத மதிப்பை, அதாவது மாறிலியை, இடப்பக்கம் வைத்து (1 == வகை) என்று எழுதுகிறார்கள். இங்கே ஒரு குறி விட்டுப்போனால் (1 = வகை) ஆகும். ஒன்றுக்குள் எதையும் வைக்க முடியாது என்பதால் நிரல் ஓடுவதற்கு முன்பே பிழை என்று நின்றுவிடும். ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் யோடா சொற்களை இடம் மாற்றிப் பேசுவார் என்பதால் ஆங்கிலத்தில் இதற்கு யோடா கண்டிஷன் என்று பெயர் வந்தது.

> தேவையே இல்லாத ஒரு பழக்கத்துக்கு எதற்குத் தமிழ்ச்சொல்? தொகுப்பிதான் எச்சரிக்கிறதே.

கோவையிலிருந்து எழுதிய தம்பிக்கு: நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் எல்லாத் தொகுப்பியும் எச்சரிப்பதில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குச் சீட்டுப் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். பிஎச்பியில் எழுதியது. மல்லிக்கு வகை எண் 1, பிச்சிக்கு 2, சம்பங்கிக்கு 3, இப்படிப் போகும். காலையில் கடைக்காரர் அன்றைய விலையைப் பதிவார். பூ எடை போட்டதும் சீட்டு வரும். முதல் நாள் விடியற்காலையில் அண்ணாச்சி போன் செய்தார். “தம்பி, சம்பங்கி கொண்டாந்தவருக்கு மல்லி விலையில சீட்டு வந்திருக்கு. வந்து பாருங்க.” போய்ப் பார்த்தால் எல்லாப் பூவும் மல்லியாகியிருந்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு, தனக்கு இவ்வளவு வராதே என்று அவரே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஈரச் சாக்குகளுக்கு நடுவில் மடிக்கணினியை மடியில் வைத்து இரண்டு மணி நேரம் தேடினேன். தவறு இருந்த வரியை ஐந்தாறு முறையாவது படித்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ‘வகை சமம் ஒன்று’ என்றே படித்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு சமக்குறி.

பிஎச்பி அன்றைக்கு எனக்கு ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. நிபந்தனைக்குள் மதிப்பிருத்துவது அந்த மொழியில் முறையான செயல்தான். சி மொழியில் நிலைமை வேறு. ஜிசிசி என்னும் தொகுப்பியில் ‘வால்’ (-Wall) என்னும் எச்சரிக்கைத் தேர்வைப் போட்டுவிட்டால் இதே தவறைச் சுட்டிக்காட்டும். ஜாவாவில் நிபந்தனை பூலியனாகத்தான், அதாவது உண்மை அல்லது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் எண்ணை வைத்து இந்தத் தவறைச் செய்யவே முடியாது. பைத்தானில் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி இலக்கணப் பிழை. ஆகவே இந்தப் பழக்கம் வேர்ட்பிரஸ், சிம்ஃபனி ஆகிய வலைத்தள மென்பொருள்களின் நிரல் நடைவிதிகளில் இடம்பிடித்தது தற்செயல் இல்லை. இரண்டும் பிஎச்பி உலகம். அந்த விதிகளைத் தமிழில் எழுத வேண்டும் என்றுதானே சென்னைத் தோழி இந்த இழையைத் தொடங்கினார்? அவருக்குச் சொல் வேண்டும். பழக்கம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. நான் இன்றைக்கு அப்படி எழுதுவதில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனாலும் பெயர் வேண்டும்.

> யோடா நிபந்தனை என்றே வைத்துக்கொண்டால் என்ன? உலகம் முழுக்க அதே பெயர்தானே.

இதை எளிதாகத் தள்ள மாட்டேன். தேடுவதற்கு உதவும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெயரின் உயிர் ஆங்கிலத்தின் சொல்வரிசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதை இடம்தான் சொல்கிறது. அதனால் இடம் மாறினால் விசித்திரமாகக் கேட்கும். நமக்கோ ‘சொக்கர் மீனாட்சியை மணந்தார்’ என்றாலும் ‘மீனாட்சியைச் சொக்கர் மணந்தார்’ என்றாலும் கல்யாணம் ஒன்றுதான். ஐ உருபு மீனாட்சியோடு கூடவே போகிறது. மாட்டுத்தாவணியில் நின்று, பெரியார் பேருந்து நிலையம் போக, ‘இந்த பஸ் பெரியார் போகுமா’ என்றும் கேட்போம், ‘பெரியார் போகுமா இந்த பஸ்’ என்றும் கேட்போம். எந்த நடத்துநரும் நம்மை விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் யோடா என்றதும் உண்டாகும் அந்தச் சின்ன அதிர்ச்சி தமிழ் மாணவருக்கு உண்டாகாது. படத்தையும் விளக்கி, ஆங்கில வாக்கிய அமைப்பையும் விளக்கி, அப்புறம்தான் நிரலுக்கு வர முடியும். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போடுவதற்கு இது ரொம்பச் சுற்றுவழி.

தல்லாகுளத்திலிருந்து எழுதிய தமிழாசிரியர் ஐயாவின் கடிதம் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது. மூன்று முறை படித்தேன். இடமாற்றம் என்றதும் அவர் நேராக, செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் காணும் பொருள்கோளுக்குப் போய்விட்டார்.

> நன்னூல் எட்டுப் பொருள்கோள் சொல்கிறது. அதில் மொழிமாற்று இதற்குப் பொருந்தும் அல்லவா?

பொருள் சரிதான் ஐயா. ‘சுரை ஆழ, அம்மி மிதப்ப’ என்ற எடுத்துக்காட்டை நானும் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். சுரைக்காய் மூழ்கவும் அம்மி மிதக்கவும் கூடாதே என்று திகைத்து, சொற்களை மாற்றிப் பொருத்தினால் சரியாகும். ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, இன்றைக்கு மொழிமாற்று என்றால் மொழிபெயர்ப்பு என்றே படிப்பார்கள். கணினிக்காரர்கள் கூடுதலாக அப்படிப் படிப்பார்கள். இன்னொன்று, மொழிமாற்றில் சொற்களைத் திரும்ப மாற்றினால்தான் பொருள் கிடைக்கும். (1 == வகை) என்பதில் மாற்றாமலே பொருள் கிடைக்கிறது. இரட்டைச் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒற்றைச் சமக்குறிக்குத்தான் இடம் வலம் உண்டு. அந்த வேறுபாட்டைப் பிடித்துத்தான் இந்த உத்தியே வேலை செய்கிறது.

அவர் சொன்ன அடுத்த சொல் ‘முன்றில் ஒப்பீடு’. இல்முன் என்று வர வேண்டியது முன்றில் என்று மாறி வருவதை இலக்கணப்போலி என்று படித்தோம். நகர்ப்புறம் புறநகர் ஆவதும் அதே வழிதான். ‘முன்’ முன்னால் வந்து நின்றும் வீட்டின் முன்பக்கம் என்ற பொருள் கெடவில்லை. இதைவிட அழகான உவமை கிடைக்காது. இருந்தாலும் முன்றில் என்ற சொல்லே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. முற்றம் என்று நினைப்பார்கள், ஒப்பீட்டுக்கும் முற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ஐயாவின் சொல்லை அப்படியே எடுக்காமல் அதன் வழியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முன்மாறிலி ஒப்பீடு.

மாறி, மாறிலி இரண்டும் கணக்குப் பாடத்தில் ஏற்கெனவே பழகிய சொற்கள். முன் என்பது இடம். மாறிலி முன்னால் நிற்கும் ஒப்பீடு. கையால் என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது, விளக்கவுரை வேண்டாம். ‘இந்த வரியை முன்மாறிலியாக எழுது’ என்று வாயில் வருகிறது. ‘இந்தக் கோப்பு முழுக்க முன்மாறிலி நடை’ என்று சொல்லலாம். ஒரு சொல்லுக்கு இப்படிப் புழங்க இடம் இருக்கிறதா என்று நான் எப்போதும் பேசிப் பார்ப்பேன். இழையில் வந்த ‘இடமாற்று ஒப்பீடு’ இதில் தோற்றது. எதை எங்கே மாற்றுவது என்று அது சொல்லவில்லை. ‘காப்பு நிபந்தனை’யும் வேண்டாம். செயற்கூற்றின் (ஆங்கிலத்தில் ஃபங்ஷன்) தொடக்கத்திலேயே தகாத மதிப்பைத் திருப்பி அனுப்பும் நிபந்தனைக்குக் காப்பு என்ற சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அதற்குப் பொருத்தம்.

> ‘முன்’ காலத்தையும் குறிக்குமே. முன்பு மாறிலியாக இருந்தது என்று படித்துவிட மாட்டார்களா?

படிக்க வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன் அக்கா. முன்வாசல், முன்பல், முன்கை என்று பொருளின் பெயரோடு சேரும்போது நமக்கு இடம்தான் தோன்றுகிறது. முன்னொட்டு என்பதை யாரும் ‘முந்தைய காலத்து ஒட்டு’ என்று படிப்பதில்லை.

நானே கண்ட ஒரு குறையையும் எழுதிவிடுகிறேன். இடப்பக்கம் நிற்பது எப்போதும் மாறிலி இல்லை. ஒரு செயற்கூறு திருப்பித் தரும் எண்ணை இடப்பக்கம் வைத்தாலும் இதே பாதுகாப்பு சி மொழியில் கிடைக்கும், ஏனென்றால் அதற்குள்ளும் மதிப்பிருத்த முடியாது. கறாராகப் பார்த்தால் ‘முன்மதிப்பு’ என்று வர வேண்டும். அது தொடக்க மதிப்போடு குழம்பும். பத்தில் ஒன்பது இடத்தில் அங்கே நிற்பது மாறிலிதான் என்பதால் இந்த அளவு இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டு பக்கமும் மாறிகளாகவே இருந்தால் இந்த உத்தி எதையும் காப்பாற்றாது என்பதையும் அகராதிக் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

இப்போது, நான் ஏன் அப்படி எழுதுவதை விட்டேன் என்பது. பூ மார்க்கெட் சம்பவத்துக்கு அப்புறம் மூன்று வருடம் எல்லா ஒப்பீட்டையும் முன்மாறிலியாகவே எழுதினேன், மாணவர்களையும் எழுத வைத்தேன். ஒருநாள் வாக்காளர் வயதுப் பயிற்சி கொடுத்தேன். (வயது >= 18) என்று வர வேண்டும். ஒரு மாணவி நான் சொன்னபடியே 18-ஐ முன்னால் கொண்டுவந்தாள். குறியைத் திருப்ப மறந்துவிட்டாள். (18 >= வயது). பத்து வயதுப் பையனுக்கு ஓட்டு உண்டு, அவன் தாத்தாவுக்கு இல்லை. தொகுப்பி வாய் திறக்கவில்லை. ஒரு பிழையைத் தடுக்கச் சொல்லிக்கொடுத்து, அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான இன்னொரு பிழையை அவள் கையில் நானே கொடுத்திருந்தேன். அது என்னை மிகவும் உறுத்தியது. சிறிது, பெரிது என்னும் குறிகளுக்கு இந்த முறை வேண்டாம், படிக்கக் கடினம் என்று வேர்ட்பிரஸ் விதியே சொல்வதை அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

தமிழில் உருபு இருப்பதால் சொல் எங்கே நின்றாலும் பொருள் நிற்கிறது. நிரலில் உருபு கிடையாது. அங்கே இடம்தான் உருபு. எதைப் பற்றிக் கேட்கிறோமோ அது முதலில் நிற்கும் என்று நிரல் படிப்பவரின் கண் பழகியிருக்கிறது. ‘வகை மல்லியா?’ என்பதே கேள்வி. ‘மல்லி வகையா?’ என்று வந்தால் கண் ஒருமுறை நின்று திரும்புகிறது. ஒரு வரியில் அது பெரிய விஷயம் இல்லை, இரண்டாயிரம் வரியில் பெரிய விஷயம்.

அதே சமயம், கண்ணை நம்பினால் போதும் என்ற பக்கமும் நான் சாயவில்லை. 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கு, சிவிஎஸ் என்னும் மாற்றங்களைப் பதியும் கருவியில் இருந்த நகலில் யாரோ இரண்டு வரி நுழைத்தார்கள். பயனர் எண் 0-ஆ என்று சோதிப்பதுபோல் தோன்றும். இருந்தது ஒற்றைச் சமக்குறி. அழைத்தவரின் பயனர் எண்ணை அது 0 ஆக்கிவிடும், அதாவது எதையும் செய்யவல்ல ரூட் அதிகாரம். எச்சரிக்கை வராதபடி கூடுதல் அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். மூலக் களஞ்சியத்தோடு நகலை ஒப்பிட்டபோது பொருந்தாததால்தான் அகப்பட்டது. வேண்டுமென்றே எழுதுகிறவரை எந்த நடைவிதியும் தடுக்காது. ஆனால் அந்த ஒரு குறியைக் கண் எவ்வளவு எளிதில் தாண்டிப் போகும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒற்றைக் குறியையும் இரட்டைக் குறியையும் நாம் ‘சமம்’ என்றே வாய்விட்டுப் படிக்கிறோம். பாஸ்கலில் மதிப்பிருத்தலுக்கு முக்காற்புள்ளியோடு சேர்ந்த சமக்குறி. பிசிபிஎல் மொழியிலும் அப்படித்தான் இருந்தது. அதிலிருந்து பி மொழி வந்தபோது ஒற்றைச் சமக்குறி ஆனது, சி அதை வாங்கிக்கொண்டது. குறியை நாம் மாற்ற முடியாது. படிக்கும் விதத்தை மாற்றலாம். (வகை = 1) என்பதை ‘வகையில் 1 வை’ என்றும், (வகை == 1) என்பதை ‘வகை 1-ஆ’ என்றும் படிக்கச் சொல்லித் தருகிறேன். ஆ என்ற ஒற்றை எழுத்தில் கேள்வி வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்தச் சாக்குகளுக்கு நடுவில் ‘வகையில் 1 வை’ என்று படித்திருந்தால் முதல் முறையே பிடித்திருப்பேன்.

அகராதிக்கு என் வரைவு:

முன்மாறிலி ஒப்பீடு: ஒப்பீட்டில் மாறிலியை மாறிக்கு முன்னால் எழுதும் நடை. ஒப்பீட்டுக் குறிக்குப் பதில் தவறுதலாக மதிப்பிருத்தல் குறி விழுந்தால் உடனே பிழை காட்டும் என்பதற்காக எழுதப்படுவது. சமம், சமமின்மை ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படுத்துவது நலம். ஆங்கில வழக்கில் யோடா நிபந்தனை.

ஜாவாவில் “மல்லி” என்ற எழுத்துச் சரத்தை முன்னால் வைத்து, ஒப்பிட்டுச் சொல்லும் ஈக்வல்ஸ் செயற்கூற்றை அழைக்கும் முறையை இதே தலைப்பில் சேர்க்கலாமா என்று சென்னைத் தோழி கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். அங்கே நோக்கம் வேறு. வகை வெற்று மதிப்பாக (நல், அதாவது எதுவுமே வைக்கப்படாததாக) இருந்தால் நிரல் முறியாமல் காப்பது. வெற்று மதிப்பு ஏன் வந்தது என்பதையே அது மறைத்துவிடவும் கூடும். தனி இழையில் பேசுவோம்.

வரும் சனிக்கிழமை வகுப்பில் இந்தச் சொல்லை விளக்கம் எதுவும் தராமல் கரும்பலகையில் எழுதி, அதே பயிற்சியைக் கொடுக்கப் போகிறேன். எத்தனை பேர் எப்படி எழுதினார்கள் என்று ஞாயிறு இரவுக்குள் இங்கே இடுகிறேன். அதுவரை தல்லாகுளம் ஐயா சொற்புணர்ச்சியை ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்,
திருநகரிலிருந்து