‘அத்தியாவசிய எண்ணெய்’ வேண்டாம், சரி. வேறு என்ன?

டீச்சர், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்காகப் புதினா இலையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். விளக்க அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்தில் ‘essential oil’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? இணையத்தில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று கிடக்கிறது. “அரிசி, சீனி மாதிரியா டீச்சர்?” என்று கேட்டுவிட்டாள் ஒருத்தி. மலாயில் ‘மிஞாக் பாத்தி’ என்று முடித்துவிட்டார்கள். பள்ளியைக் கூட்டும் பாட்டி மோந்து பார்த்து, “கோடாலித் தைலந்தானே?” என்றார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:
மூலச்சொல்லில் இருப்பது தேவை அன்று, சாரம். ‘பாத்தி’யும் சாரமே. ஆனால் முதலில் ‘எண்ணெய்’யை விசாரிக்க வேண்டும். எள் + நெய். புதினாவில் எள் ஏது? தைலத்துக்கு ஓடினாலும் அங்கே ‘திலம்’, அதுவும் எள். வடமொழியும் அதே செக்கைத்தான் சுற்றியிருக்கிறது. சிலம்பில் மாதவி நீராடப் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திருவகை ஓமாலிகை என்னும் மணப்பொருள்கள். விரை என்றால் நறுமணம். ஆகவே ‘விரைநெய்’.

மருந்தாளர், ஈப்போ:
ஐயா கோபிக்கக் கூடாது. ஆறாம் ஆண்டுப் பையன்கள் முன்னால் ‘விரை’ என்று சொன்னால் அன்றைய பாடம் அதோடு சரி.

பொருளைப் பார்ப்போம். தாளில் ஒரு சொட்டுச் செம்பனை எண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டுப் புதினா எண்ணெய் விடுங்கள். செம்பனைக் கறை நிற்கும், மற்றது பறந்துவிடும். அது கொழுப்பே இல்லை, பெரும்பாலும் டெர்பீன் என்னும் செடிமணச் சேர்மங்கள். ‘ஆவியெண்ணெய்’ என்போமே.

அட்டையில் இதையும் சேருங்கள்: மெந்தால் (மிளகுப்புதினா எண்ணெயின் முக்கியப் பொருள்) தோலைக் குளிர வைப்பதில்லை; குளிரை உணரும் நரம்பு வாங்கியைத் தூண்டி, குளிர்வதாக நம்ப வைக்கிறது. குடல் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்து இறுக்கத்தைத் தளர்த்துகிறது. எரிச்சல் குடல் நோய்க்கு மிளகுப்புதினாவைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2021 வழிகாட்டி சொல்கிறது. சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவவே கூடாது. பாட்டியிடமும் சொல்லுங்கள்.

டீச்சர்:
‘ஆவியெண்ணெய்’ என்றதுமே பையன்கள் “ஓராங் மிஞாக்!” (மலாய்க் கதைகளில் வரும் எண்ணெய் பூசிய பேய்) என்று கத்திவிட்டார்கள்.

தனித்தமிழ் அன்பர், கிள்ளான்:
‘புதினா’வே பாரசீகம். அதை யாரும் கேட்கவில்லையே?

மருந்தாளர்:
பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வேறு பெயர் சொல்லி ஒரு கட்டு வாங்கிக் காட்டுங்கள் அண்ணே, மாற்றிவிடலாம்.

சித்த மருத்துவ மாணவி, கூலிம்:
வடிக்கும் கலத்துக்கு நம்மிடம் ‘வாலை’ என்று பெயர் உண்டு. ‘வாலைத்தைலம்’? வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். பாட்டியும் தைலம் என்றுதான் சொல்கிறார்.

மருந்தாளர்:
அழகான சொல்தான். ஆனால் எலுமிச்சைத் தோல் எண்ணெயைப் பிழிந்தும் எடுக்கிறார்கள். அங்கே வாலை இல்லை.

டீச்சர்:
நாளை வெள்ளி. ‘நறுமண எண்ணெய்’க்கு நான்கு பேர், ‘வாலைத்தைலம்’ இரண்டு, ‘விரைநெய்’ ஒன்று. நறுமண எண்ணெய் என்றே அனுப்புகிறேன்.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள் அம்மா. ஆனால் மல்லிகை வாசம் கலந்த தேங்காயெண்ணெயும் நறுமண எண்ணெய்தானே? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ஓமாலிகை பற்றித் தனியே எழுதுகிறேன்.