ஒஸ்ரியாவுக்கும் சேர்பியாவுக்கும் பிரச்சனை எண்டா ஜேர்மன்காரன் ஏன் பெல்ஜியத்துக்கை போனவன்?

திருநெல்வேலி_ஏஎல்:
ஏ.எல். வரலாறு செய்யிறன். டியூசன் நோட்ஸிலை முதலாம் உலகப் போருக்குக் காரணம் எண்டு ஏகாதிபத்தியம், தேசியவாதம், ஆயுதப் போட்டி, கூட்டணி எண்டு நாலைப் போட்டு, கடைசியா 'உடனடிக் காரணம்' எண்டு சரஜேவோவிலை இளவரசரைச் சுட்டதைப் போட்டிருக்கு. பாடமாக்கினா மாக்ஸ் வரும், அது சரி. ஆனா 1914 ஜூன் 28 செத்தது ஒஸ்ரியா இளவரசர், சுட்டது ஒரு பொஸ்னிய சேர்பியப் பொடியன், அப்ப ஒஸ்ரியாவும் சேர்பியாவும் அடிபட்டிட்டுப் போகாமல் ஆகஸ்ட் 4 ஜேர்மன் ஆமி பெல்ஜியத்துக்கை நிக்குது, அண்டைக்கே பிரிட்டனும் இறங்கிட்டுது. பெல்ஜியம் ஆருக்கு என்ன செய்தது? போட்டி எண்டு இருந்தா சண்டை வரத்தான் வேணுமோ? அப்பா ஒவ்வொரு நாளும் நியூஸ் பாத்திட்டு அமெரிக்காவும் சீனாவும் கட்டாயம் அடிபடுவாங்கள் எண்டு சொல்லுறார், அதாலையும் கேக்கிறன்.

கோண்டாவில்_ஸ்ரேசன்:
உங்கடை நோட்ஸிலை விடுபட்டது ரயில் டைம்டேபிள். பகிடி இல்லை. 1894 இலை பிரான்சும் ரஷ்யாவும் கூட்டுச் சேர்ந்தாப் பிறகு ஜேர்மனிக்கு ரெண்டு பக்கமும் எதிரி. ரஷ்யா பெரிய நாடு, ஆக்களைத் திரட்டி எல்லைக்குக் கொண்டுவரக் கிழமைக்கணக்காகும், அதுக்கிடையிலை பிரான்சை முடிச்சுப்போட்டு ஆமியை ரயிலிலை ஏத்திக் கிழக்கை கொண்டுபோறதுதான் பிளான். பிரான்ஸ் எல்லையிலை வரிசையாக் கோட்டையள், சுத்திப் போற வழி பெல்ஜியம். அது ஒண்டும் செய்யேல்லை, பாதையிலை கிடந்தது, அவ்வளவுதான். பிரிட்டனுக்கு 1839 ஒப்பந்தப்படி பெல்ஜியத்தைக் காக்கிற பொறுப்பு இருந்தது, 1906 இலை ட்ரெட்நோட் எண்ட புது மாதிரிப் பெரிய போர்க்கப்பலை விட்டதிலை இருந்து ஜேர்மன் கடற்படையோடை ஏற்கெனவே போட்டி வேறை.

இதிலை வில்லங்கம் என்னெண்டா, சேர்பியாவுக்குப் பின்னாலை நிண்ட ரஷ்யா ஆமியைத் திரட்டத் தொடங்கின நிமிசத்திலை இருந்து ஜேர்மனிக்கு நேரம் ஓடுது, கதைச்சுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு நாளும் நட்டம். ஆகஸ்ட் 1 பின்னேரம் பிரிட்டன் ஒதுங்கி நிக்கும் போலை ஒரு தந்தி வர, ஜேர்மன் ராசா கைசர் சந்தோசத்திலை 'அப்ப முழு ஆமியையும் கிழக்கை அனுப்புவம்' எண்டவர், தளபதி மோல்ற்கே ஏலாது எண்டிட்டார், லட்சக்கணக்கான ஆக்களை ஒரு இரவுக்குள்ளை திருப்பினா மிஞ்சிறது ஆமி இல்லை, சாப்பாடில்லாத கும்பல்தான் எண்டு. ராசாவுக்கே தன்ரை ஆமியை திருப்பேலாமல் போச்சு.

மதில்மேல்பூனை:
எங்கடை வேலிச்சண்டைதான். இவர் கதியாலை அரையடி தள்ளி நட, அவர் மதில் கட்ட, பேந்து ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் கத்தியோடை. 😂

ரீச்சர்_கந்தர்மடம்:
ஸ்ரேசன் அண்ணை சொல்லுறது எப்பிடிப் பரவினது எண்டதுக்குச் சரி, ஏன் எண்டதுக்குக் காணாது. 1898 இலை சூடான் பக்கம் பஷோடாவிலை பிரிட்டனும் பிரான்சும் முகத்துக்கு முகம் நிண்டவை, ரெண்டு நாட்டுப் பேப்பரும் சண்டைக்குத்தான் கத்தினது, கடைசியிலை பிரான்ஸ் பின்வாங்கினது. 1904 இலை எகிப்து உனக்கு மொரோக்கோ எனக்கு எண்டு பேசி முடிச்சிட்டினம். பரம்பரைப் பகையாளியள், ஆனா அடிபடேல்லை. ஏனெண்டா பிரான்சுக்கு ஜேர்மனி எண்ட பெரிய பயம் இருந்தது, ஆபிரிக்காவிலை விட்டுக்குடுத்திட்டு இருக்க ஏலும்.

பிள்ளை, பாக்க வேண்டியது ஆர் காத்திருக்கேலாது எண்டு நினைக்கினம் எண்டதை. ரஷ்யா போட்ட ஆமி, ரயில் திட்டமெல்லாம் 1917 அளவிலை முடிஞ்சிடும், பேந்து எங்களாலை ஏலாது, அடிக்கிறதெண்டா இப்பவே அடிக்கோணும் எண்டு ஜேர்மன் ஜெனரல்மார் நினைச்சவை. ஜப்பானும் அப்பிடித்தான். 1937 இலை சீனாவுக்கை இறங்கி முடிக்கேலாமல் மாட்டுப்பட்டு, 1941 ஜூலையிலை தெற்கு இந்தோசீனாவுக்கை போக, அமெரிக்கா எண்ணெயை நிப்பாட்டினது. அவைக்கு வாற எண்ணெயிலை பெரும்பங்கு அமெரிக்கா எண்ணெய். கையிருப்பு ரெண்டு வருசமும் வராது, அப்ப டிசெம்பரிலை அமெரிக்கக் கடற்படை நிண்ட பேர்ள் ஹாபர் துறைமுகத்துக்கு அடிச்சவை. அதின்ரை அலை இஞ்சையும் அடிச்சது, 1942 ஏப்ரல் 5 கொழும்பிலை குண்டு, 9 திருகோணமலையிலை. பர்மா விழுந்தோடை அரிசி வரத்து நிண்டது, அந்தக் கூப்பன் காலத்தை எங்கடை பழசுகள் சாகும்வரைக்கும் கதைச்சவை.

திருநெல்வேலி_ஏஎல்:
அப்ப கைசர் கெட்டவன் எண்டு எழுதிறதிலை அர்த்தமில்லையோ? ஒரு மாசத்திலை தொடங்கினது ஏன் நாலு வருசம் இழுபட்டது?

கோண்டாவில்_ஸ்ரேசன்:
கெட்டவன் இல்லையெண்டு நான் சொல்லேல்லை, ஒஸ்ரியாவுக்கு ஜூலை 5 'என்ன செய்தாலும் பின்னாலை நிப்பம்' எண்டு வாக்குக் குடுத்ததே அவர்தான். இழுபட்டதுக்கு ஃபக்ரறியள் காரணம். பிரிட்டன் கடலை மறிக்க ஜேர்மனிக்குச் சிலியிலை இருந்து வெடிமருந்து செய்ய வாற வெடியுப்பு நிண்டது, கெதியா வெடிமருந்து முடியும் எண்டுதான் கணக்கு. ஆனா 1913 இலைதான் ஜேர்மனியிலை ஒப்பா எண்ட இடத்திலை ஹேபர் எண்ட விஞ்ஞானியின்ரை முறையிலை காத்திலை இருந்து அமோனியா எடுக்கிற ஃபக்ரறி தொடங்கியிருந்தவை, பசளைக்கு. அதையே வெடிமருந்துக்குத் திருப்பிவிட்டினம். பசளை ஃபக்ரறி இல்லாட்டி சண்டை இவ்வளவு நாள் போயிராது.

நெடுந்தீவுக்கடல்:
உங்கை ஜேர்மனி, பிரான்ஸ் எண்டு கதையுங்கோ. 2021 ஜனவரியிலை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டுக்கும் காத்தாலை, சோலார் கரண்ட் திட்டம் சீனக் கொம்பனிக்குக் குடுக்க, இந்தியா தன்ரை கரைக்குக் கிட்ட எண்டு எதிர்த்தது. டிசெம்பரிலை 'மூண்டாம் தரப்பின்ரை பாதுகாப்புக் கவலை'யாலை நிப்பாட்டினம் எண்டு சீனத் தூதரகம் சொன்னது, 2022 மார்ச்சிலை இந்தியா கையெழுத்து வைச்சது. ரெண்டு பெரியாக்களும் எங்கடை கரண்டுக்குத்தான் மல்லுக்கட்டினவை. துவக்கு ஒண்டும் எடுக்கேல்லை, அதுவரைக்கும் சந்தோசம்.

கோண்டாவில்_ஸ்ரேசன்:
இப்ப அணுகுண்டு இருக்கிறதாலை பழைய மாதிரி பெரிசா வராது எண்டுதான் என்ரை எண்ணம். 1962 இலை கியூபாவிலை சோவியத் ஏவுகணை வைச்ச பிரச்சனையிலை அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் கடிதம் போய்வர மணித்தியாலக்கணக்கா எடுத்தது, கடைசியிலை குருஷ்சேவ் ஏவுகணையைக் கழட்டுறம் எண்டதை மொஸ்கோ ரேடியோவிலை வாசிக்க விட்டவர், அதுதான் கெதி எண்டு. அடுத்த வருசமே ரெண்டு பேரும் நேரடி லைன் போட்டினம், அது ஃபோனும் இல்லை, எழுத்தா அடிச்சு அனுப்புற டெலிபிரின்டர்.

ரீச்சர்_கந்தர்மடம்:
அண்ணை, இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 இலை குண்டு வெடிச்சுக் காட்டிப்போட்டு அடுத்த வருசமே கார்கிலிலை அடிபட்டவையெல்லோ. இந்தியா பிளேனுகளைக் காஷ்மீரைப் பிரிக்கிற கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்ட விடேல்லை, அதாலை அந்தளவோடை நிண்டது, உண்மைதான். ஆனா தாண்டாதேங்கோ எண்டு சொன்னது குண்டில்லை, மேலை இருந்த ஆக்கள். ஆள் மாறினா?