மீட்டிங்கில் ஆங்கிலத்தில் யோசனை சொன்னபோது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

ஆம்பூர், ஷூ ஏற்றுமதி:

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு வீடியோ மீட்டிங் எப்படி நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகள் ஷூ. லண்டன் பையர், சரக்கு போவது ஐரோப்பாவுக்கு. எங்கள் டெக்னீஷியன் பாய் தோலைத் தடவிப் பார்த்தே குறை சொல்லிவிடுவார். ஷூவின் உள்பக்கம் வைக்கும் லைனிங் தோலைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். பதனிடும்போது சேர்த்த குரோமியம், கன்டெய்னர் சூட்டில் குரோமியம் 6 என்ற கெடுதலான வடிவமாக மாறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். 2015 மே முதல் ஐரோப்பாவில் அதற்குத் தோல் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. பாய் கேமராவைப் பார்த்து, “யூ ஹேட் பெட்டர் சேஞ்ச் திஸ் லைனிங்” என்றார்.

அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த அம்மையார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். “இஸ் தட் எ வார்னிங்?” என்று கேட்டார். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அக்கறையில் சொன்ன மனிதரிடம் மிரட்டுகிறாயா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

லைனிங்கை மாற்றினார்கள். ஆர்டரும் வந்தது. ஆனால் அன்று முதல் பாய் மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை. மூலையில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார், நான் படித்துச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை, தரக்கட்டுப்பாடு:

எனக்கு நேர் எதிர். சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் யூனிட். தடிமனான தகடு, வெல்டிங். ஹைட்ரஜனால் வரும் விரிசல் உடனே தெரியாது, ஆறிய பிறகு ஓரிரு நாள் கழித்தும் வரும். 48 மணி நேரம் விட்டு, ஒலி அலையால் உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்டிங் செய்ய வேண்டும் என்பதுதான் என் யோசனை. பணிவாகச் சொல்ல வேண்டும் என்று கல்லூரியிலிருந்தே பழக்கியிருக்கிறார்களே! “சாரி, மேபி, இஃப் யூ டோன்ட் மைண்ட், பெர்ஹாப்ஸ் வீ கேன் திங்க் அபவுட்...” நான் டெஸ்டிங் என்ற சொல்லுக்கு வருவதற்குள் தலைமை தாங்கியவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

சற்று நேரத்தில் எதிரே இருந்தவர், “குட் வீ டெஸ்ட் ஆஃப்டர் ஃபார்ட்டி எய்ட் ஹவர்ஸ், இன் கேஸ் இட் கிராக்ஸ் லேட்டர்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மீட்டிங் குறிப்பான மினிட்ஸில் அவர் பெயர். ஆம்பூர் அண்ணா, உங்கள் பாய் சொன்னதாவது அவர் சொன்னதாகவே அவர்கள் காதில் விழுந்தது.

காட்பாடி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

என் அனுபவம் சிறியது. கம்பெனிப் பயிற்சி வகுப்பில் ஒரு பையன் வெளிநாட்டு விருந்தினரிடம் “ஐ சஜஸ்ட் யூ டு விசிட் அவர் பிளான்ட்” என்றான். அவர் சிரித்துக்கொண்டே வந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

பிள்ளைகளே, கவனியுங்கள். சஜஸ்ட் என்ற வினைக்குப் பின் “யூ டு” வராது. “ஐ சஜஸ்ட் டெஸ்டிங் இட்” அல்லது “ஐ சஜஸ்ட் வீ டெஸ்ட் இட்” என்பதே சரி. “ஹேட் பெட்டர்” என்பதில், செய்யாவிட்டால் கெட்டது நடக்கும் என்ற எச்சரிக்கை உண்டு. பையரிடம் அதை எடுக்கவே கூடாது. “யூ” என்று எதிராளியைச் சுட்டுவதைவிட “வீ” என்று சேர்த்துக்கொண்டால் பாதிக் காரம் குறைந்துவிடும். “குட் வீ”, “வுட் இட் ஹெல்ப் இஃப் வீ”, “ஹவ் அபவுட்” மூன்றும் எந்த மேஜைக்கும் பொருந்தும். “ஐ வாஸ் வொண்டரிங் இஃப்” என்பது இறந்தகால வடிவில் இருந்தாலும் இப்போது கேட்பதுதான். அந்த வடிவம், மறுக்க அவருக்கு இடம் விடுகிறது. ராணிப்பேட்டை மகளுக்கு: தணிக்கும் சொல் ஒன்று போதும். நான்கைந்தை அடுக்கினால் கருத்து கடைசியில் வந்து சேருவதற்குள் கேட்பவர் போய்விடுவார். கேள்வியை முதலில் வையுங்கள், காரணத்தை உடனே சொல்லுங்கள், பிறகு நிறுத்துங்கள். மௌனத்தைப் பார்த்துப் பயந்து மீண்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள். குரலைக் கடைசியில் இறக்குங்கள்.

வாணியம்பாடி, டேனரி (தோல் பதனிடும் ஆலை):

ஐயா, கோபிக்காதீர்கள், இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எல்லாப் பையரும் ஆங்கிலேயர் இல்லை. ஜெர்மன்காரரும் டச்சுக்காரரும் நேராகப் பேசுகிறவர்கள், நாமும் நேராகப் பேசினால் மதிக்கிறார்கள். ஜெர்மன் பையர் ஒருவர் அடர்சிவப்பு நிறத்தில் தோல் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அந்தச் சாயம் தோலில் சரியாக நிற்காது என்று எங்களுக்குத் தெரியும். என் அத்தா கேமரா முன்னால் வெள்ளைத் துணியை நனைத்து, அந்தத் தோலில் பத்துத் தடவை தேய்த்துத் தூக்கிக் காட்டினார். துணி முழுக்க சிவப்பு. “திஸ் கலர் வில் கம் ஆன் தி சாக்ஸ்.” வேறொன்றும் சொல்லவில்லை. “குட் வீ”யும் இல்லை, “வொண்டரிங்”கும் இல்லை. அந்த ஜெர்மன்காரர் “தேங்க் யூ ஃபார் பீயிங் கிளியர்” என்றார். ஆம்பூர் பாயை மூலையில் உட்கார வைத்தது எனக்கு வலிக்கிறது. தோல் தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டு, இலக்கணம் தெரிந்தவர் பேசினால் நஷ்டம் யாருக்கு?

சத்துவாச்சாரி, மென்பொருள்:

டேனரிக்காரர் சொல்வது ஜெர்மனிக்குச் சரி. எங்களுக்கு லண்டன். நான் ஒரு யோசனை சொன்னேன். மேலாளர் “தட்ஸ் அன் இன்ட்ரஸ்டிங் ஐடியா” என்றார். எங்கள் குழுத் தலைவர் மகிழ்ந்துபோய் இரண்டு பேரை அதில் இறக்கிவிட்டார். அடுத்த மீட்டிங்கில் செய்ததைக் காட்டியபோது மேலாளர் நிஜமாகவே குழம்பிப்போனார். அவரைப் பொறுத்தவரை அன்றே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நாம் சொல்வதைப் பற்றி இத்தனை பேசுகிறோம், அவர்கள் சொல்வதைப் பிரித்துக் கேட்க யாராவது சொல்லித் தந்தார்களா?

ராணிப்பேட்டை, தரக்கட்டுப்பாடு:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. இலக்கணம் நான் கேட்கவில்லை, ஆனாலும் “தணிக்கும் சொல் ஒன்று போதும்” என்பதைக் குறித்துக்கொண்டேன். வாணியம்பாடி அண்ணா, உங்கள் அத்தா கையில் துணி இருந்தது. 48 மணி நேரம் கழித்து வரும் விரிசலை நான் எதைத் தேய்த்துக் காட்டுவது? அதனால் இப்போது மீட்டிங்குக்கு முந்தைய நாளே என் யோசனையையும் காரணத்தையும் மின்னஞ்சலில் இரண்டு வரியாக அனுப்பிவிடுகிறேன், எல்லோருக்கும் நகலோடு. மினிட்ஸ் எழுதும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாரும் விரும்பாத வேலை என்பதால் உடனே கொடுத்துவிட்டார்கள். முதலில் சொன்னவர் பெயரைத்தான் எழுதுகிறேன், அது கடைசி வரிசையில் உட்காரும் பயிற்சிப் பையனாக இருந்தாலும்.